கடல் நீர் புகுந்த கேமராவை நல்ல தண்ணீரில் முக்கலாமா?

மண்டபம்_பயணி (சனி, இரவு 8:10)

நேற்று மாலை தனுஷ்கோடி அரிச்சல்முனையில் படம் எடுக்கும் ஆசையில் தடுப்புக் கற்களைத் தாண்டிக் கீழே இறங்கினேன். ஓர் அலை இடுப்புக்கு மேல் அடித்துவிட்டுப் போனது. பேண்ட் பையில் இருந்த சின்ன காம்பாக்ட் கேமரா முழுக்க நனைந்துவிட்டது. பதற்றத்தில் ஆன் செய்து பார்த்தேன். லென்ஸ் பாதி வெளியே வந்து கரகரவென்று சத்தம் போட்டு நின்றது, அப்புறம் அசைவே இல்லை. லாட்ஜுக்கு வந்ததும் பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு, கேமராவை அரிசியில் புதைத்து வைத்தேன். நல்ல தண்ணீரில் முக்கு என்கிறார் ஒருவர். இனி ஒரு சொட்டுகூடக் காட்டாதே என்கிறார் இன்னொருவர். எது சரி? கேமரா மச்சானுடையது. கார்டில் அவர் மகளின் காதுகுத்துப் படங்கள் இருக்கின்றன. அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

உப்பளத்தான் (8:32)

முதலில் அரிசியிலிருந்து வெளியே எடுங்கள். அரிசி உப்பை இழுக்காது. அதன் மாவுதான் லென்ஸ் இடுக்கில் போய் உட்காரும்.

எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையாக உப்பளத் தொழில். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு எங்கேயும் போகாது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரைப் பார்த்திருக்கிறீர்களா? எத்தனை வெயில் அடித்தாலும் முழுசாகக் காயாது. அதில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தையே இழுத்துக் குடிக்கும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடி நசநசப்பது இதனால்தான். உங்கள் கேமராவுக்குள் இப்போது இருப்பது அந்த ஜாடி. காய்ந்துவிட்டது என்று நம்புவீர்கள், கடற்காற்று பட்டதும் மறுபடி ஈரமாகும்.

அதனால் கழுவத்தான் வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு கேன் வாங்குங்கள். மூடிகளைத் திறந்துவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை முக்குங்கள்.

ஈயப்பற்று (9:05)

நண்பர் உப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. முடிவுதான் தப்பு.

கேமரா பிரித்து மாட்டுவது என் பிழைப்பு. இந்தச் சின்ன கேமராக்களில் தண்ணீர் பெரும்பாலும் பேட்டரி மூடி வழியாகவும் லென்ஸ் குழலைச் சுற்றியும்தான் நுழையும். நேற்று அது பாதி உடம்புக்குத்தான் போயிருக்கலாம். மூடிய உடம்போடு வாளியில் முக்கினால் மீதிப் பாதிக்கும் நீங்களே கொண்டு சேர்ப்பீர்கள். உள்ளே போன தண்ணீர் ஓடி வெளியேற வழி கிடையாது. உப்பு நீர்த்துப்போகும், ஆனால் பரவும். லென்ஸ் கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு துளி தங்கிக் காய்ந்தால் வளையமாகக் கறை நிற்கும். அந்தக் குழலைப் பிரித்துத் துடைக்கும் கூலிக்குப் பழைய கேமரா ஒன்று வாங்கிவிடலாம்.

உடம்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை மட்டும் தனியே எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அது ஈரத்தை விரட்டத்தான், உப்பு அதில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். நேரே ஸ்பிரிட்டை ஊற்றிவிட்டு ‘சுத்தம் செய்தாச்சு’ என்று வருகிறவர்கள் நிறைய. ஒன்று, வீட்டில் பிரிக்காதீர்கள். ஃபிளாஷுக்கு மின்சாரம் சேர்த்துவைக்கும் கப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கும், பேட்டரி இல்லாவிட்டாலும்.

உப்பளத்தான் (9:21)

சனிக்கிழமை ராத்திரி ராமேஸ்வரத்தில் யார் ஐயா பிரித்துக் கொடுப்பார்? உங்கள் மேசைக்கு அது திங்கட்கிழமை வரும். அதுவரை உப்பு சும்மா இருக்குமா?

ஈயப்பற்று (9:40)

கிட்டத்தட்டச் சும்மாதான் இருக்கும், கரண்ட் இல்லை என்றால். செம்புக் கம்பியைத் தின்பது உப்பு மட்டும் அல்ல, உப்பு நீர் வழியே ஓடும் கரண்ட். பேட்டரி உள்ளே இருந்தால் நேர்முனைப் பக்கத்துச் செம்பு நிமிடங்களில் கரையும், பச்சைக் களிம்பு ஏறும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அரிப்பின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். இவர் கேமராவைக் கொன்றது அலை அல்ல, ‘ஆன் செய்து பார்த்தேன்’ என்கிறாரே, அது.

உப்பளத்தான் (9:52)

தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க உள்ளே ஒரு குட்டி பேட்டரி பற்றவைத்திருக்குமே, அதையும் கழற்றினாரா?

ஈயப்பற்று (10:15)

சரி, அது நியாயமான கேள்விதான். பல மாடல்களில் அப்படி ஒன்று உண்டு. அதைச் சுற்றித்தான் முதலில் பச்சை ஏறும், நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் லென்ஸை முக்க நான் சொல்ல மாட்டேன்.

பழைய_ஷட்டர் (10:30)

தம்பிகளா, 1963இல் நிக்கோனாஸ் என்று ஒரு கடலடிக் கேமரா வந்தது. அதற்குள் கடல் புகுந்துவிட்டால் கடலில் மூழ்கிப் படம் எடுப்பவர்கள் அதைக் காயவே விடமாட்டார்கள். நல்ல தண்ணீர் வாளியில் போட்டு, வாளியோடு மெக்கானிக்கிடம் கொண்டுபோவார்கள். காய்ந்த உப்பை எடுப்பதுதான் கஷ்டம்.

ஈயப்பற்று (10:44)

ஐயா, அதன் முதல் மூன்று மாடல்களில் பேட்டரியே கிடையாது, எல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும். லென்ஸும் தனியே கழன்று வரும். இதில் லென்ஸும் சென்சாரும் ஒரே கட்டாக இருக்கிறது. ஆனால் காயவிடக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் மூடிக் கொண்டுவந்தால் எனக்கு வேலை பாதி.

சும்மா_பார்ப்பவன் (10:50)

அரிசியில் வைத்து என் போன் பிழைத்ததே?

உப்பளத்தான் (10:53)

கடலில் விழுந்ததா, கழுவுதொட்டியில் விழுந்ததா?

சும்மா_பார்ப்பவன் (10:55)

கழுவுதொட்டி.

ஈயப்பற்று (11:02)

பயணி அண்ணே, கேமரா சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் கார்டு. அதில் சிப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் வார்த்திருக்கும். வெளியே தெரியும் மஞ்சள் உலோகப் பற்களில் மட்டும் உப்பு ஒட்டியிருக்கும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஒரு நாள் நிழலில் வையுங்கள். அவசரப்பட்டு லேப்டாப்பில் செருகாதீர்கள்.

உப்பளத்தான் (11:04)

இதில் எனக்கும் மறுப்பில்லை.

மண்டபம்_பயணி (புதன், மாலை 6:20)

கார்டு பிழைத்தது, காதுகுத்துப் படங்கள் எல்லாம் வந்துவிட்டன. கேமராவை முக்கவில்லை. திங்கட்கிழமை தெரிந்த மெக்கானிக் ஒருவர் பிரித்தார். பெரிய பலகை கழுவியதும் திரை எரிந்தது. லென்ஸுக்குப் போகும் பட்டைக் கேபிளின் முனை பச்சையாகத் தின்றுபோயிருக்கிறது. ஃபிளாஷும் போச்சு. கண்ணாடிகளில் கறை இல்லை என்றார்.

உப்பளத்தான் (6:41)

வெள்ளி இரவே கழுவியிருந்தால் அந்தக் கேபிள் முனை பிழைத்திருக்கும்.

ஈயப்பற்று (7:03)

கழுவியிருந்தால் கண்ணாடியில் கறை இருந்திருக்கும். கேபிள் மாற்றலாம். அதே மாடலில் திரை உடைந்த கேமரா ஏதாவது கிடைத்தால் அதிலிருந்து லென்ஸ் கட்டு முழுவதையும் எடுத்துப் போடலாம், கேட்டுப் பாருங்கள். நனைந்த பேட்டரியை மட்டும் சார்ஜில் போடாதீர்கள், இப்போது நல்லபடியாகத் தெரிந்தாலும். வீட்டுக்கு வெளியே வைத்து, பழைய பேட்டரி வாங்குகிற இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

மண்டபம்_பயணி (7:10)

அதை நேற்றே மச்சான் சார்ஜில் போட்டிருக்கிறார். இதோ போகிறேன்.