கைவிட்ட யுரேனியச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களே, உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

பழைய யுரேனியச் சுரங்கங்களைச் சுத்தம் செய்யும் குழுவில் நான்கு வருடம் பாதுகாப்பு வேலை பார்த்தேன். ஈயக் கவசம் போட்டுக்கொண்டு நடந்திருப்பேன் என்று பலரும் நினைக்கிறார்கள். என் நாளில் பாதி ஆட்களைச் சுரங்க வாயிலிருந்து விரட்டுவதிலேயே போனது. ஏன் விரட்ட ஆரம்பித்தேன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

உச்சி வெயில், இடைவேளை நேரம். சுற்றிலும் மருந்துக்குக்கூட நிழல் இல்லை. சரிவின் அடியில் இருந்த ஒரு பழைய சுரங்க வாயிலிருந்து ஜில்லென்று காற்று வந்துகொண்டிருந்தது. மூன்று பேர் போய்ப் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்கள். வெளியிலிருந்து உடலைத் துளைக்கும் காமா கதிரை அளக்கும் மீட்டரை நீட்டினேன். மணிக்கு 0.4 மைக்ரோசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு). காலையெல்லாம் நாங்கள் நின்ற கழிவுக் குவியலின் மேல் அதே மீட்டர் 2 காட்டியது. "அங்கே நிற்பதைவிட இங்கே உட்கார்வது நல்லது போலிருக்கே" என்று ஒருவர் சிரித்தார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. சந்தேகத்தில், யுரேனியப் பாறையிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானை அளக்கும் கருவியைக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு கன மீட்டருக்கு 10,000 பெக்கரலைத் தாண்டியது (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல்). வீடுகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 100. அது முடியாத இடத்தில் 300.

கோடையில் மலைக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சி, அதனால் கனம். கீழ் வாய் வழியாக வழிந்து இறங்கும். பாறையிலிருந்து கசிந்த ரேடானும் அதோடு சேர்ந்து வரும். குளிர்காலத்தில் தலைகீழ், மேல் வாய் வழியாக ஏறிப்போகும். காற்றழுத்தம் குறையும் நாளில் எந்தப் பொந்திலிருந்தும் வெளியே வரும். குவியலின் மேல் எட்டு மணி நேரம் நின்றால்கூட 16 மைக்ரோசீவர்ட்தான். தொழிலாளருக்கு வருடச் சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட், அதாவது 20,000 மைக்ரோசீவர்ட் என்னும்போது அதைச் சமாளித்துவிடலாம். மூச்சில் உள்ளே போவதை அந்தக் காமா மீட்டர் காட்டவே காட்டாது.

மறுமொழி 1

என் கதை ஒரு நைலான் ஜாக்கெட் பற்றியது. வெளியேறும் இடத்தில் ஒவ்வொருவரையும் கதிர்வீச்சை எண்ணும், தட்டை முனையுள்ள கைகர் கருவியால் சோதிப்பது என் வேலை. துணியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஆமை வேகத்தில் நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஒன்றும் சிக்காது. அன்று புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வந்தான். தோள்பக்கம் கருவியைக் கொண்டுபோனதும் பொரி பொரிவது போல் சத்தம். அவன் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, இதைக் கொளுத்திடணுமா?" என்றான்.

ஜாக்கெட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டச் சொன்னேன். அரை மணி கழித்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய பாதி. மூன்று மணி நேரத்தில் கிட்டத்தட்ட இயல்பு. ரேடான் வாயுதான், ஆனால் அது சிதைந்து பிறக்கும் பொலோனியம்-218, ஈயம்-214, பிஸ்மத்-214 எல்லாம் திடத் துகள்கள். நைலானில் உரசி உண்டாகும் நிலைமின்சாரம் அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அவற்றின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 3, 27, 20 நிமிடம். அதனால் தானாகவே அடங்கிவிடும்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவனுடைய பூட்ஸ் அடங்கவில்லை. குதிகால் பள்ளத்தில் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு மண் கட்டி, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். தாதுத் தூசு. அதிலிருக்கும் ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1,600 வருடம். கொக்கியில் மாட்டி வைத்தால் போகிற சமாச்சாரம் இல்லை. ஈரத் துணியால் பொத்தி, திருப்புளியால் நெம்பி எடுத்துப் பையில் கட்டினோம். காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், தூசு கிளம்பி நேராக மூக்குக்குத்தான் வரும்.

மறுமொழி 2

மேலே சொன்ன பூட்ஸ் விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் 1944 முதல் 1986 வரை சுமார் 3 கோடி டன் தாது தோண்டினார்கள். கைவிட்ட சுரங்கங்கள் 500-க்கும் மேல். அங்கே தொழிலாளர்கள் தூசு படிந்த உடுப்போடு வீட்டுக்குப் போனார்கள், வீட்டுப் பெண்கள் அதைத் துவைத்தார்கள். சுரங்கக் கழிவுக் கல்லை எடுத்து வீடு கட்டியதும் உண்டு. ஜெர்மனியின் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வந்த நோய் நுரையீரல் புற்று என்று 1879-லேயே எழுதிவிட்டார்கள். அப்போது ரேடான் என்ற பெயர்கூடக் கிடையாது.

மறுமொழி 3

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. என் ஒப்பந்ததாரர் எங்களுக்குக் கொடுத்தது சட்டையில் குத்தும், கதிர்வீச்சைப் பதியும் பேட்ஜும் முழு வெள்ளை உடுப்பும். காற்றைச் சோதிக்கும் பம்பு இல்லை. பேட்ஜில் காமா பதியுமே தவிர நுரையீரலுக்குள் போன துகள்கள் வீசும் ஆல்பா கதிர் பதியாது. அறிக்கை மட்டும் "எல்லாம் நலம்" என்று வரும். அந்த உடுப்புக்குள் வெந்து இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், கதிர்வீச்சால் அல்ல. கேட்டுக் கேட்டுக் கடைசியில் தண்ணீர் லாரி வந்தது. மண்ணை நனைத்துத் தோண்டியதும் தூசு பெருமளவு அடங்கியது, உடுப்பையும் இலகுவாக்க முடிந்தது.

முகமூடி பற்றி ஒன்று. நல்ல வடிகட்டி தூசையும் ரேடான் சிதைந்து பிறக்கும் வாரிசுத் துகள்களையும் பிடிக்கும், நுரையீரலுக்குப் பெரிய கேடு அந்தத் துகள்களால்தான். வாயுவை அது பிடிக்காது. தாடி வைத்தவருக்கு ஓரம் கசியும், பிறகு மாட்டியும் பயனில்லை. இடைவேளையில் முகமூடியைக் கழற்றி சிகரெட் பற்றவைத்தவரையும் பார்த்திருக்கிறேன். ரேடானும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்று அபாயம் பல மடங்கு, தனித்தனியே இருப்பதைவிட.

அப்புறம், மீட்டர் கையில் இருக்கிற தைரியத்தில் சுரங்கத்துக்குள் நுழையாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத காற்றும் இற்றுப்போன மரத்தாங்கியும் புற்றுநோய் வரும் வரை காத்திருக்காது.

தொடக்கப் பதிவர்

அந்த மூவர் என்ன ஆனார்கள் என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். முதலில் கயிறு கட்டினேன், தாண்டிப் போனார்கள். எச்சரிக்கைப் பலகை வைத்தேன், அதிலேயே சட்டையைக் காயப்போட்டார்கள். கடைசியில் வாயிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று எங்கள் பக்கம் வராத மேட்டில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, கை கழுவத் தண்ணீர்த் தொட்டியும் வைத்தேன். அன்று மதியமே மூவரும் அதன் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.