பதில்: ஏற்பி ‘ஓவர்லோட்’ – மிகைச்சுமைக்குப் பதில் ‘திணறல்’?

அனைவருக்கும் வணக்கம். விமானங்கள் அனுப்பும் வானொலிக் குறிகையை (சிக்னல்) வீட்டு மாடியிலேயே வாங்கி வரைபடத்தில் காட்டும் ஏற்பிக்கு (ரிசீவர்) நாம் கையேடு எழுதுகிறோம். அதில் ‘ஓவர்லோட்’ என்பதற்கு எந்தச் சொல் வைப்பது என்ற இழையில் வந்த இந்தக் கேள்விக்கு என் பதில்:

> மின்துறையில் மிகைச்சுமை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதையே வைத்து விமான ஏற்பிக் கையேட்டை முடித்துவிடலாமே?

வேண்டாம் என்கிறேன். கையேட்டின் முதல் வரைவைப் படித்தவர்களிடமே இதன் விளைவு தெரிந்துவிட்டது. “ஏற்பியில் மிகைச்சுமை ஏற்பட்டால் எட்டும் தொலைவு குறையும்” என்ற வரியைப் படித்துவிட்டு ஒருவர் ஏற்பியை இயக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்குப் பெரிய அடாப்டர் வாங்கி மாட்டினார். இன்னொருவர் யூஎஸ்பி ஹப்பை மாற்றினார். அவர்கள் மேல் தப்பே இல்லை. தமிழில் மிகைச்சுமை என்றதும் ஃபியூஸ் போவதும் எம்சிபி விழுவதும்தான் நினைவுக்கு வரும். ஆன்டெனா பக்கம் யாருக்கும் கை போகாது.

சொல் தேடுவதற்கு முன் அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். விமானம் 1090 மெகாஹெர்ட்ஸில் தன் இருப்பிடத்தை வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை அறிவித்துக்கொண்டே போகிறது. ஒரு செய்தி 112 பிட். செய்தி தொடங்குவதை அறிவிக்கும் முன்குறியையும் சேர்த்தால் 120 மைக்ரோவினாடியில் முடிந்துவிடும். 35,000 அடியில் பறக்கும் விமானத்தைப் பூமியின் வளைவு மறைக்காமல் விடுவது சுமார் 430 கிலோமீட்டர் வரை. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் குறிகை மிகவும் நலிந்துபோயிருக்கும். தெருமுனையில் இருக்கும் செல்போன் கோபுரமோ 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை ராப்பகலாகப் பரப்பிக்கொண்டிருக்கிறது. ஏற்பியாக நாம் வாங்கி யூஎஸ்பியில் செருகும் ஆர்டிஎல் டாங்கிள் முதலில் டிவி பார்ப்பதற்காகச் செய்த பொருள். வேண்டாத அலைவரிசையைத் தள்ளிவைக்கும் திறன் அதற்குக் குறைவு. கோபுரத்தின் குறிகை டாங்கிளின் முதல் பெருக்கியை (ஆம்ப்ளிஃபையர்) அதன் எல்லைக்கே கொண்டுபோய்விட்டால், தொலைதூர விமானத்தின் குறிகையைப் பெருக்க அதில் இடமே மிச்சமிருக்காது.

கோபுரம் இல்லாமலும் இது நடக்கும். ஆலந்தூரில் ஒரு மொட்டைமாடியில் டாங்கிளின் பெருக்கத்தை (கெயின்) உச்சமான 49.6 டெசிபலில் வைத்துப் பார்த்தேன். மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் கண்ணெதிரே தலைக்கு மேல் போகிறது, சக்கரம் வெளியே வந்திருப்பதுகூடத் தெரிகிறது. வரைபடத்தில் அது விட்டுவிட்டு வருகிறது, சில நேரம் காணவே காணோம். குறிகை அவ்வளவு வலுவாக வந்து முட்டுவதால் அலையின் முகடு வெட்டுப்பட்டு, பிட்டுகளைப் பிரித்தெடுக்க முடியாமல் போகிறது. பெருக்கத்தை மூன்று நான்கு படி இறக்கியதும் அந்த விமானம் ஒழுங்காக வந்தது. கூடவே, அதுவரை இல்லாத தொலைதூர விமானங்களும் வங்கக் கடல் மேலே வரத் தொடங்கின. பெருக்கத்தைக் குறைத்தால் தொலைவு கூடுகிறது என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கைப் புதிதாக வருபவருக்குப் புரியவைக்கத்தான் நமக்கு நல்ல சொல் வேண்டும்.

இனி இழையில் வந்த சொற்கள்.

தெவிட்டல்: பள்ளிப் பாடத்தில் தெவிட்டிய கரைசல் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ‘சாச்சுரேஷன்’. ஒரு பெருக்கியோ, அலையை எண்ணாக்கும் சில்லோ எல்லையைத் தொட்டு நிற்கும் நிலையை மட்டும் அது சொல்லட்டும். அந்த இடத்துக்கு அருமையான சொல், அங்கேயே இருக்கட்டும்.

செவிடாதல்: எனக்கு உடன்பாடில்லை. ஒரு உடற்குறையைக் கருவியின் கோளாறுக்குப் பெயராக வைப்பது சரியில்லை. பொருளும் பொருந்தவில்லை. இங்கே ஏற்பிக்கு ஒன்றுமே கேட்காமல் போகவில்லை, ஒன்று மட்டும் அளவுக்கு மீறிக் கேட்கிறது.

மழுங்கல்: நல்ல சொல், ஆனால் இது விளைவின் பெயர். வலுவான குறிகையால் உணர்திறன் குறைந்துபோவதை, அதாவது ‘டிசென்ஸ்’ என்பதை, மழுங்கல் என்றே வைத்துக்கொள்ளலாம். காரணத்துக்கு வேறு சொல் வேண்டும்.

அதற்குத்தான் நான் திணறல் என்கிறேன். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் திணறினார்கள், பதில் சொல்லத் திணறினார் என்று தினமும் சொல்கிறோம், எழுதுகிறோம். தாங்கும் அளவைத் தாண்டி வந்து குவியும்போது, எப்போதும் செய்கிற வேலையைக்கூடச் செய்ய முடியாமல் போவதுதான் திணறல். ஏற்பிக்கு நேர்வதும் அதுவே. வினையாகவும் நன்றாக வளைந்துகொடுக்கிறது: ஏற்பி திணறுகிறது, கோபுரம் ஏற்பியைத் திணறடிக்கிறது. மிகைச்சுமையை வைத்து இப்படி ஒரு வினை எழுதவே முடியாது.

கையேட்டில் வைத்துப் பார்த்தேன்:

“பெருக்கத்தை ஒரு படி குறையுங்கள். தொலைவு கூடினால் ஏற்பி இதுவரை திணறிக்கொண்டிருந்தது என்று பொருள். ஏற்பி அளக்கும் உச்ச வலிமையை 0 என்று கொண்டு, மைனஸ் 3 டெசிபலுக்கு மேல் வரும் செய்திகள் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா அடியில் தனிப் பெருக்கி வைத்திருந்து அதுவே திணறினால், டாங்கிளின் பெருக்கத்தைக் குறைத்துப் பயனில்லை; அந்தப் பெருக்கிக்கு முன்னால் 1090 மெகாஹெர்ட்ஸை மட்டும் விடும் வடிப்பி (ஃபில்டர்) வையுங்கள்.”

சரளமாகப் போகிறதா, சொல்லுங்கள்.

-----

வணக்கம் தம்பி.

தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் இதை ‘பிளாக்கிங்’ என்போம். பேச்சில் “ரிசீவர் அடைச்சுக்கிச்சு” என்று சொல்வதுண்டு. அதனால் முதலில் அடைப்பு என்று வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் மாடியில் கேபிள் இணைப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்கிக் குறிகை நின்றுபோனாலும் ஆட்கள் அடைப்பு என்றுதான் சொல்வார்கள். ஆகவே திணறல் எனக்குச் சம்மதம்.

ஒரு திருத்தம் உண்டு. விமானங்கள் அதிகமாகிச் செய்திகள் குவியும்போது பழைய ராஸ்பெர்ரி பையின் செயலியும் திணறும். “திணறுகிறது” என்று மட்டும் எழுதினால் நீங்கள் சொன்ன அடாப்டர் கதை செயலி ரூபத்தில் திரும்ப வரும். ஏற்பியின் முன்பகுதியைத்தான் (‘ஃப்ரண்ட் எண்ட்’) சொல்கிறோம் என்று தெரிய, சொல்லடைவில் ‘முகப்புத் திணறல்’ என்று முழுதாகக் கொடுங்கள்.

இன்னொன்று. வடிப்பியை முன்னால் வை என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். வடிப்பியே குறிகையில் இரண்டு மூன்று டெசிபல் தின்னும். முதல் பெருக்கிக்கு முன்னால் நேரும் இழப்பு அத்தனையும் இரைச்சல் கணக்கில் ஏறிவிடும், பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் அதை மீட்க முடியாது. கோபுரம் எதுவும் இல்லாத ஊரில் இருப்பவர் பெருக்கிக்குப் பின்னால் வடிப்பி வைத்தால் போதும். திணறல் உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் வடிப்பிக்குச் செலவழிக்கட்டும்.

கேபிளைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்களா? ஆர்ஜி-58 வடத்தை மாடியிலிருந்து 15 மீட்டர் இழுத்தால் இந்த அலைவரிசையில் ஒன்பது டெசிபல் அளவுக்குப் போய்விடும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 என்றால் மூன்று டெசிபல்தான். கேபிளின் மின்மறுப்பு 75 ஓம், ஏற்பியுடையது 50 ஓம், இரண்டும் பொருந்தாது என்று பயப்படுகிறார்கள். அதனால் வரும் இழப்பு 0.2 டெசிபல்கூட இல்லை. எந்தக் கடையிலும் கிடைக்கும் கேபிள் அது.

-----

ஐயா, மிக்க நன்றி. செயலி பற்றி நீங்கள் சொன்னது நான் யோசிக்காத கோணம், அப்படியே ஏற்கிறேன். ‘முகப்பு’ மட்டும் இடிக்கிறது. வரைபடம் திறக்கும் வலைப்பக்கத்தையும் இதே கையேட்டில் முகப்பு என்றுதான் எழுதியிருக்கிறோம். அதனால் சொல்லடைவில் ‘ஏற்பித் திணறல்’ என்று இருக்கட்டும். ஒரு பத்தியில் அது ஒருமுறை வந்துவிட்டால் பிறகு வெறும் ‘திணறல்’ போதும். செயலிக்கு வேறு சொல்லே வேண்டாம், “செயலியின் வேகம் போதவில்லை” என்று எழுதிவிடுவோம்.

வடிப்பிப் பத்தியை நீங்கள் சொன்ன வரிசைப்படி மாற்றிவிட்டேன்: முதலில் பெருக்கத்தைக் குறைத்துப் பார்ப்பது, பிறகு தனிப் பெருக்கியைக் கழற்றிப் பார்ப்பது, அதன் பிறகுதான் வடிப்பி. ஆர்ஜி-6 கணக்கையும் சேர்த்தாயிற்று.

இந்த ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் ஏற்பித் திணறல், மழுங்கல், தெவிட்டல் மூன்றையும் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ‘கெயின்’ என்பதற்குப் பெருக்கமா ஈட்டமா என்பது இன்னும் முடியவில்லை. ஆன்டெனாவின் கெயின் எதையும் பெருக்குவதில்லை, ஒரு திசையில் குவிக்கிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே சொல் சரிவருமா என்பதைத் தனி இழையில் பேசலாம்.