களர் மண்ணில் ஓடையரிப்பு – அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பர்டெகின் ஆற்றுப் படுகையில் மாட்டுப் பண்ணைக்காரர்களோடு வேலை செய்கிறேன். மழை வெள்ளம் அடித்துப்போகும் நுண்மண் கடலைக் கலக்கி, கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறைத் தொடர் பக்கத்துக் கடற்புல்லுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது.

ஆற்றோரம் வேலி, மழைக்காலத்தில் புல்லுக்கு ஓய்வு என்று மேய்ச்சல் ஓரளவு வழிக்கு வந்துவிட்டது. சிக்கல், வெள்ளம் அரித்து உண்டான பள்ளங்களில்தான். அடிமண் களர், அதாவது சோடியம் மிகுந்த மண். தண்ணீர் பட்டதும் கரைந்து, மேலே புல் இருந்தாலும் கரை சரிகிறது. கரையைச் சாய்த்து, மண்ணில் ஜிப்சம் (கால்சியம் உள்ள ஒரு கனிமம்) கலந்து, கல் பரப்பலாம். ஆனால் செலவு அதிகம்.

நம்மூரில் களர் நிலத்துக்கு ஜிப்சம் போட்டவர்கள், ஓடைகளில் கல் தடுப்பணை கட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தண்ணீர் தடுப்பின் ஓரத்தை அறுத்துக்கொண்டு போகாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? படம் இருந்தால் அதையும் போடுங்கள்.