எண்ணிக்கை கூடியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்: பேக்கப் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலையில் இடி இடித்தால் இன்டர்நெட் லைன் போவது சகஜம். ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்ட குடும்பங்களின் பழைய படங்களை நானும் கோயில் கமிட்டி அண்ணன் ஒருவரும் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பால்மரத்தடியில் வாளியோடு நிற்கும் பாட்டி, லயத்து வாசலில் நடந்த கல்யாணம் என்று எல்லாமே வேறு பிரதி இல்லாதவை. பாதியில் லைன் அறுந்தது, எரர் வந்தது. மறுபடி ஏற்றிப் பார்த்தால் கணினியில் இருப்பதைவிட டிரைவில் ஃபைல் அதிகம்!

"கூடத்தானே இருக்கு தம்பி, குறையலையே. விடுங்க," என்றார் அண்ணன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. டிரைவில் ஒரே ஃபோல்டருக்குள் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கலாம். சில படங்கள் இரட்டிப்பாகி, சில படங்கள் ஏறாமலே போயிருந்தால் எண்ணிக்கை எப்படிக் காட்டிக்கொடுக்கும்?

ஆர்குளோன் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். முதலில் 'டீடூப்' கட்டளையால் இரட்டைகளை நீக்கிவிட்டு, பிறகு 'செக்' கொடுத்தேன். அது அளவையும் ஹேஷையும், அதாவது ஃபைலின் கைரேகையை, இரு பக்கமும் ஒப்பிடும். டிரைவே எம்டி5 என்ற வகை ஹேஷை வைத்திருப்பதால் எதையும் திரும்ப இறக்க வேண்டாம். நம்ம ஊர் லைனுக்கு அது பெரிய உபகாரம். ஏறாமல் விடுபட்டவை அப்போதுதான் தெரிந்தன. ஒத்துப்போகாத சில படங்களும் வந்தன. அவை கெட்டுப்போனவை அல்ல. சாய்ந்திருந்த படங்களை அண்ணன் இடையில் நிமிர்த்திச் சேமித்திருக்கிறார்!

என்னைக் கலங்கடித்தது வேறு. ஹேஷ் கச்சிதமாகப் பொருந்திய ஒரு படத்தைத் திறந்தால் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். கணினியில் இருந்ததே அரைகுறை ஃபைல். அதை அப்படியே பிசகாமல் ஏற்றியிருக்கிறது. ஹேஷ் சொல்வது 'இரண்டும் ஒன்று' என்பதை மட்டும்தான். படம் நல்லதா என்று திறந்துதான் பார்க்கணும். நல்லவேளை, அசல் படம் இன்னும் அந்தக் குடும்பத்துப் பாட்டியின் பெட்டியில் இருந்தது.

மறுமொழி, கோலசிலாங்கூரிலிருந்து:

அண்ணே, டிரைவ் மாதிரியே இன்னொரு ஆன்லைன் சேமிப்பான டிராப்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் எம்டி5 எடுத்துக் கையால் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அது ஃபைலை 4 எம்பி துண்டுகளாக்கித் தனி வகையில் ஹேஷ் போடும். ஆர்குளோனுக்கு அந்தக் கணக்கும் தெரியும். கூகுள் ஃபோட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' போட்டிருந்தால் படத்தையே சுருக்கிவிடும், அங்கே ஹேஷ் ஒத்துவராது. எங்கள் தோட்டத்துப் படங்களை அதனால்தான் டிரைவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.