ஏழை நாடுகளில் இளையோர் வேலையின்மை குறைவாகத் தெரிவது ஏன்?

கேள்வி:
2013இல் கிரேக்கத்திலும் ஸ்பெயினிலும் உழைப்புச் சந்தையில் இருந்த 15 முதல் 24 வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோர் வேலையின்றித் தவித்தனர். அவற்றைவிட மிகவும் ஏழையான பல நாடுகளில் இவ்விகிதம் ஒற்றை இலக்கத்தில் நிற்பது எப்படி?

மறுமொழி 1:
வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும் சேமிப்பும் இல்லாத வீட்டுப் பிள்ளையால் நல்ல வேலைக்காகக் காத்திருக்க இயலாது. சந்தைக்குப் போகும் பயிரில் கூலியின்றிக் களையெடுக்கும் பெண்ணும், வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் கூலிக்கு மூட்டை சுமந்தவரும் கணக்கெடுப்பில் வேலையில் இருப்பவர்களே. அதனால்தான் அங்கே வேலையின்மை விகிதம் குறைவாகத் தெரிகிறது.

மறுமொழி 2:
பணக்கார நாடுகளும் ஒன்றுபோல் இல்லை. ஜெர்மனியில் தொழிற்பயிற்சியும் பள்ளிக் கல்வியும் இணைந்த முறை இளையோரை நேரே பணியில் சேர்க்கிறது. ஸ்பெயினிலோ, 2008க்குப் பின் கட்டுமானத் துறை சரிந்தபோது, தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்த இளையோரே முதலில் வெளியேற்றப்பட்டனர்.

மறுமொழி 3:
தென்னாப்பிரிக்காவையும் பாருங்கள். சிறு வேளாண்மையும் முறைசாராத் தொழிலும் அங்கே சுருங்கிக் கிடப்பதால், வறுமை இருந்தும் வேலையின்மை மறையாமல் வெளிப்படையாகவே தெரிகிறது.