அப்பாவின் டெபாசிட்டுக்கு அண்ணன் பெங்களூருவில் மனு போட்டிருக்கிறார், நாங்கள் கோவையில் போடலாமா?

கோவைமகள்:
வணக்கம். அப்பா ஜனவரியில் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. அம்மா, அண்ணன், நான் என மூன்று பேர்தான் வாரிசு. அப்பா நாற்பது வருஷம் இருந்தது கோவை வீட்டில், கடைசி ஏழு மாதம் மட்டும் டயாலிசிஸுக்காக பெங்களூருவில் அண்ணன் வீட்டில் இருந்தார். இறந்ததும் அங்கேதான், இறப்புச் சான்றிதழும் அந்த ஊர்தான். கோவையில் வீடு, பெங்களூருவில் அப்பா பெயரில் ஒரு ஃப்ளாட், இங்குள்ள வங்கியில் நாமினி போடாத டெபாசிட், கொஞ்சம் ஷேர் (அதற்கு நாமினி அண்ணன்), இவ்வளவுதான் சொத்து.

வங்கியில் சக்சஷன் சர்டிபிகேட் (இறந்தவரின் பணத்தை வாங்க வாரிசுக்கு கோர்ட் தரும் சான்றிதழ்) கேட்டார்கள். நாங்கள் மனு தயார் செய்வதற்குள் பெங்களூரு கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. அப்பா வழக்கமாக வசித்த ஊரே பெங்களூருதான் என்று அண்ணன் மனுவில் எழுதியிருக்கிறார், படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எங்கள் வக்கீல் "அதைக் கண்டுகொள்ளாதீர்கள், இங்கே தனியாக வாங்கிவிடலாம்" என்கிறார். அம்மாவுக்கு 71 வயது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் ஏற முடியாது. என்ன செய்வது?

திருச்சி ராமு:
அம்மா, நோட்டீஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பெரியப்பா விஷயத்தில் "நம்ம ஊர் கோர்ட் இல்லையே" என்று நாங்கள் போகாமல் இருந்தோம். ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகி, எதிர்த் தரப்பு பணத்தையும் எடுத்துவிட்டது, அதன் பிறகு அதை ரத்து செய்யச் சொல்லி அலைந்ததில் மூன்று வருஷம் போனது.

சிவில்வக்கீல்:
சகோதரி, உங்கள் வக்கீல் சொன்னதை நான் ஏற்கவில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 385-ஐப் படித்துப் பாருங்கள். ஏற்கனவே ஒரு சான்றிதழ் கொடுக்கப்பட்டு நடப்பில் இருந்தால், அதே சொத்துக்குப் பிறகு வாங்கும் சான்றிதழ் செல்லாது. பிரிவு 380-இன்படி சான்றிதழ் இந்தியா முழுவதும் செல்லும் என்பதால், பெங்களூரு கோர்ட் கொடுத்ததைக் காட்டி கோவை வங்கியில் பணத்தை வாங்கிவிடலாம். நல்லெண்ணத்தில் பணத்தைக் கொடுத்த வங்கிக்கும் சட்டம் பாதுகாப்பு தருகிறது. முதலில் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் இங்கே பெரிய விஷயம், அதனால் சண்டையை அண்ணன் மனு போட்ட கோர்ட்டிலேயே போட வேண்டும்.

எந்தக் கோர்ட் என்பதை பிரிவு 371 சொல்கிறது: இறக்கும்போது அவர் வழக்கமாக வசித்த இடத்தின் மாவட்ட நீதிமன்றம். இறந்த இடம் எது என்று சட்டம் கேட்கவே இல்லை, அதனால் இறப்புச் சான்றிதழைப் பார்த்து பயப்படாதீர்கள். வைத்தியத்துக்காகப் போய்த் தங்கியதையும் குடிபெயர்ந்ததையும் கோர்ட் ஒன்றாகப் பார்க்காது, ஆனால் நீங்கள் அதைக் காட்ட வேண்டும். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பென்ஷன் எந்த ஊர்க் கிளைக்கு வந்தது, கோவை வீட்டு மின்கட்டணம், கடைசி வருமான வரிப் படிவத்தில் இருந்த முகவரி, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவர் திரும்பி வர நினைத்தார் என்பதற்கு ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. மனுவில் தெரிந்தே பொய் எழுதுவது தண்டனைக்குரிய குற்றம், முக்கியமான விஷயத்தை மறைத்து வாங்கிய சான்றிதழை பிரிவு 383-இல் ரத்து செய்யவும் கேட்கலாம்.

அம்மா ஒவ்வொரு முறையும் போக வேண்டியதில்லை, வக்காலத்து கொடுத்தால் அங்குள்ள வக்கீல் பார்த்துக்கொள்வார். சாட்சியம் சொல்லும் கட்டம் வந்தால் உடல்நிலையைச் சொல்லி, கோர்ட்டுக்குப் பதில் சாட்சியத்தைப் பதிவு செய்ய ஒரு கமிஷனரை நியமிக்கக் கேட்கலாம். வழக்கையே கோவைக்கு மாற்ற வேண்டுமென்றால், மாநிலம் விட்டு மாநிலம் என்பதால் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் (சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 25). இந்த அளவு பணத்துக்கு அந்தச் செலவு எனக்குச் சரியாகப் படவில்லை.

மைசூர்வாசி:
ஆனால் பெங்களூருவில் ஃப்ளாட் இருக்கிறதே? சொத்து இருக்கும் ஊரில் மனு போடலாம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறேன்?

சிவில்வக்கீல்:
நல்ல கேள்வி, நிறையப் பேர் குழம்பும் இடம் இது. நீங்கள் சொல்வது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனுக்கு, அதாவது இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க கோர்ட் தரும் அதிகாரப் பத்திரத்துக்கு. அதற்கு பிரிவு 270-இன்படி வசிப்பிடமோ சொத்தோ ஏதாவது ஒன்று அந்த மாவட்டத்தில் இருந்தால் போதும். ஆனாலும் வசிக்காத ஊரில் மனு போட்டால், வேறு மாவட்டத்தில் விசாரிப்பதுதான் நியாயம், வசதி என்று நினைத்தால் நீதிபதி மறுத்துவிடலாம் (பிரிவு 271). சக்சஷன் சர்டிபிகேட்டுக்கு சொத்து இருக்கும் இடம் என்ற பேச்சு, இறந்தவருக்கு நிலையான வசிப்பிடமே இல்லாதபோதுதான் வரும். இவர் அப்பாவுக்கு கோவையில் வீடே இருக்கிறது.

இன்னொன்று, இந்தச் சான்றிதழ் டெபாசிட், ஷேர் போன்றவற்றுக்கு மட்டும்தான், வீட்டுக்கும் ஃப்ளாட்டுக்கும் பொருந்தாது. அண்ணன் வாங்கிவிட்டாலும் பங்கு அவருக்கே போய்விடாது, மூன்று பேருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. ஷேரில் நாமினி என்பதும் அப்படித்தான், நாமினிக்கு அது சொந்தமாகிவிடாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அண்ணன் பேசி முடிக்க ஒத்துவரவில்லை என்றால் கோவையிலேயே பாகப்பிரிவினை வழக்கு போடுங்கள். சொத்து இரண்டு ஊரில் இருந்தாலும் ஏதாவது ஒரு ஊர் கோர்ட்டில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 17 இடம் தருகிறது, பெங்களூரு ஃப்ளாட்டும் அதில் வந்துவிடும்.

கோவைமகள்:
ரொம்ப நன்றி சார். நேற்று பீரோவைத் தேடியபோது, அப்பா பெங்களூருவிலிருந்தே கோவை வீட்டுக்கு சொத்துவரி கட்டிய ரசீதும், தை மாதத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் கிடைத்தது. இரண்டையும் ஆட்சேபணையோடு சேர்க்கப் போகிறோம். அங்கே ஒரு வக்கீலிடம் பேசியாகிவிட்டது, வாய்தா 18-ஆம் தேதி. கோர்ட்டில் ஆட்சேபணை இருக்கிறது என்று நாளைக்கே வங்கிக்கும் பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

சிவில்வக்கீல்:
அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கும் போனைப் பத்திரமாக வையுங்கள், மாற்றிவிடாதீர்கள். பிரின்ட் மட்டும் போதாது, கூடவே மின்னணு ஆவணத்துக்கான சான்றும் கொடுக்க வேண்டும், உங்கள் வக்கீலிடம் மறக்காமல் கேளுங்கள்.