குழு: தோட்டத்து உறவுகள் (2020 ஏப்ரல் 5, ஞாயிறு)

கவிதா: நடராஜ் சித்தப்பா, எங்கள் கொரோனா வார்டில் நாங்கள் போடும் முழு உடல் பாதுகாப்பு அங்கி தீரப்போகிறது. அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நம் கம்பெனியில் 200 தைத்துத் தர முடியுமா?

செல்வி அத்தை: சாப்பிட்டியா கண்ணு

பிரபு: அக்கா, குடோனில் பனியன் துணி ரோல் ரோலாகக் கிடக்கிறது. அதிலேயே தைத்தால்?

கவிதா: ஆகாதுடா

நடராஜ் சித்தப்பா: பிரபு, பனியன் துணி ரத்தத்தை உறிஞ்சிவிடும். இதற்கு லேமினேஷன் போட்ட நான்வோவன், அதாவது நெய்யாத துணி வேண்டும். துணியைக்கூடப் பிடித்துவிடலாம், தையலில்தான் வினை. ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. அதன் மேல் டேப் வைத்துச் சூடான காற்றில் ஒட்ட வேண்டும். அதற்குத் தனி மிஷின். அப்புறம் கோயமுத்தூர் சிட்ராவில் டெஸ்ட், ஜவுளி ஆராய்ச்சி நிலையம். அவிநாசி ரோட்டில் இருக்கிறதே, அதுதான். 1956-இல் மில்காரர்கள் எல்லாம் சேர்ந்து

பிரபு: சித்தப்பா வரலாறு வேண்டாம் 🙏

நடராஜ் சித்தப்பா: கேளுடா. செயற்கை ரத்தம் என்று ஒரு சிவப்புத் தண்ணீர். துணிக்கு ஒரு பக்கம் அதை வைத்து அழுத்துவார்கள், அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் பொட்டுத் தெரிந்தால் பெயில். வடக்கே இருந்தெல்லாம் சாம்பிள் இங்கேதான் வருகிறது. அழுத்தம் தாங்குவதில் 3-ஆம் வகுப்பாவது பாஸ் ஆக வேண்டும்.

சாந்தி சித்தி: உங்களுக்கே அது கஷ்டம்தான்

செல்வி அத்தை: ➡️ பிரதமர் சொன்னபடி இன்று இரவு 9 மணிக்கு 9 நிமிடம் எல்லோரும் லைட்டை அணைத்து விளக்கு ஏற்றும்போது பிரிட்ஜ், டிவி எல்லாம் வெடிக்கும். மெயினை ஆஃப் செய்யவும். அனைவருக்கும் பகிரவும்.

பிரபு: அத்தை, லைட்டை மட்டும் அணைத்தால் போதும். பிரிட்ஜ் ஓடட்டும்.

செல்வி அத்தை: மாவு வேறு நிறைய ஆட்டி வைத்திருக்கிறேன் சாமி

பெரியப்பா: டேப் மிஷின் பல்லடத்தானிடம் இருக்கிறது. ரெயின்கோட் ஆர்டருக்கு வாங்கியது.

பிரபு: 😶

கவிதா: பல்லடம் சித்தப்பா இந்தக் குழுவில் இல்லையா?

பெரியப்பா: அவனாகப் போனான்.

சாந்தி சித்தி: காதுகுத்துப் பத்திரிகையில் பேர் விட்டுப்போச்சு, அதனால் போனாருங்க மாமா

நடராஜ் சித்தப்பா: அது பிரஸ்காரன் தப்பு.

சாந்தி சித்தி: ஆறு வருசமாக பிரஸ்காரன் தப்பு

கவிதா: சண்டை அப்புறம். தைப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். போன தடவை வந்தது குனிந்தவுடன் தொடை இடுக்கில் கிழிந்தது, அங்கே துணியைத் தாராளமாக விடுங்கள். கையைத் தூக்கினால் கிளவுஸுக்கு மேலே சட்டைக்கை ஏறிக்கொள்கிறது. கட்டைவிரலில் மாட்ட ஒரு எலாஸ்டிக் வளையம் வையுங்கள். போட்டால் கழற்றும்வரை தண்ணீர்கூடக் குடிக்க முடியாது சித்தப்பா.

செல்வி அத்தை: அய்யோ. கபசுரக் குடிநீர் கொடுத்துவிடட்டா

நடராஜ் சித்தப்பா: வளையம் சுலபம். பேட்டர்ன் இன்றே போடச் சொல்கிறேன். ஆனால் டெஸ்ட் பாஸ் ஆகாமல் ஒரு பீஸ்கூட உன் வார்டுக்கு அனுப்ப மாட்டேன்.

கவிதா: அதுதான் எனக்கும் வேண்டும்

பிரபு: அப்போது பனியன் துணி? நேற்று கவர்மெண்டே வெளியே போகிறவர்கள் துணி மாஸ்க் போடலாம் என்று சொல்லிவிட்டது. எங்கள் வீதி தூய்மைப் பணியாளர்கள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு குப்பை அள்ளுகிறார்கள்.

கவிதா: அதற்குச் சரி. வார்டுக்கு வேண்டாம்.

நடராஜ் சித்தப்பா: கட்டிங் நானே போட்டுவிடுவேன். டைலர்கள் எப்படி வருவார்கள்? ஊரடங்கு என்று செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்புகிறான். கலெக்டர் ஆபீஸ் பாஸ் வேண்டும்.

பிரபு: லைன் வீட்டு அக்காக்களிடம் சொந்த மிஷின் இருக்கிறது. கட்டிங்கை நான் டிவிஎஸ்சில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பெரியப்பா: ஹெல்மெட் போட்டுக்கொண்டு போ.

செல்வி அத்தை: தம்பிக்குப் போன் போட்டேன். எடுத்தான்!! மிஷின் ஓடுகிற நிலைமையில்தான் இருக்கிறதாம். டேப்தான் கொஞ்சம்தான் மிச்சமாம், புதிதாக எங்கேயும் கிடைக்கவில்லையாம். அண்ணன் வாயால் கேட்டால் ஓட்டுகிறேன் என்கிறான்.

பிரபு: அப்பா?

பிரபு: அப்பா புளூ டிக் விழுந்துவிட்டது

பெரியப்பா: நாளைக்குப் பார்க்கலாம்.

கவிதா: பெரியப்பா, நாளைக்குக் காலையில் எனக்கு டியூட்டி

பெரியப்பா: சரி சரி. விளக்கேற்றிவிட்டுப் பேசுகிறேன். நம்பர் மாறவில்லையே?

செல்வி அத்தை: அதே நம்பர்தான் அண்ணா

நடராஜ் சித்தப்பா: டெஸ்டுக்கு முதலில் சாம்பிள் தைத்துவிடுகிறேன். அவனிடம் மீதி இருக்கிற டேப் அதற்குப் போதும்.

சாந்தி சித்தி: லைன் வீட்டுக்காரர்களுக்குப் பீஸ் ரேட் யார் தருவது? அதை யாரும் பேசவே இல்லையே